போர் தண்ணீர் உப்புக்கறையைத் தேய்க்காமல் எடுப்பது எப்படி?

போர் தண்ணீர் வருகிற வீட்டில் புதுக் குழாய் மாட்டி ஆறு மாதம்கூட ஆகியிருக்காது, அதற்குள் வாயைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்கு கட்டிவிடும். வாளியின் உட்புறம் சொரசொரக்கும். டைல்ஸில் தண்ணீர் வழிந்த தடம் அப்படியே நிற்கும். கம்பி நாரை எடுத்துக் கை வலிக்கத் தேய்ப்போம், குழாயில் கீறல் விழும், கறை இருந்த இடத்திலேயே இருக்கும். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். இந்தக் கறையைத் தேய்க்கவே வேண்டாம், கரைத்துவிடலாம்.

நிலத்தடி நீர் பாறை இடுக்குகளில் ஊறி வரும்போது கால்சியம், மெக்னீசியம் உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை, அதாவது இந்த உப்புகளின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர அளவு (ஐ.எஸ். 10500, 2012). பல ஊர்களில் போர் தண்ணீர் அந்த 200-ஐச் சுலபமாகத் தாண்டிவிடும். குழாயில் நிற்கும் சொட்டு காய்ந்ததும் தண்ணீர் போய்விடுகிறது, கால்சியம் கார்பனேட் தங்கிவிடுகிறது. சுண்ணாம்புக்கல்லும் இதே பொருள்தான். புளிப்பு பட்டால் கரையும்.

அதனால் முதலில் ஒரு சோதனை. கறையின் மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடுங்கள். பொடிப்பொடியாகக் குமிழி வந்தால் அது உப்புக்கறை. கறை செம்பழுப்பாக இருந்தால் தண்ணீரில் இரும்பு கலந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கும் கீழே சொல்லும் கரைசலே உதவும், ஊறும் நேரம்தான் கூடும். இரும்புக் கறையில் பிளீச்சிங் பவுடர் மட்டும் போடாதீர்கள், இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும்.

தொடங்கும் முன் இரண்டு எச்சரிக்கை

மார்பிள், மொசைக், கடப்பா கல் இந்த மூன்றிலும் புளிப்பு எதுவும் படக்கூடாது. கறையில் இருக்கும் அதே சுண்ணாம்புச் சத்துதான் இந்தக் கற்களிலும் இருக்கிறது, கறையோடு சேர்ந்து கல்லும் அரிக்கும். எங்கள் பழைய வீட்டு மொசைக் தரையில் கழிவறைக்கு வாங்கிய ஆசிட்டை ஊற்றி, ஒரு முழம் அகலத்துக்குப் பளபளப்பு போனது. அது திரும்பி வரவே இல்லை.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. பிளீச்சிங் பவுடரையோ பிளீச் கலந்த திரவத்தையோ வினிகர், எலுமிச்சை, ஆசிட் எதோடும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். கதவைச் சாத்திய குளியலறையில் அது மிகவும் ஆபத்து. ஒன்றைப் போட்டுக் கழுவியிருந்தால், மற்றதை வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: சோப்புப் படலத்தை எடுங்கள்

உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாக ஒட்டுமே, அந்தப் பிசுக்கு கறையை மூடிக்கொண்டிருக்கும். வெந்நீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் கொஞ்சம் விட்டு ஸ்பாஞ்சால் துடைத்துக் கழுவுங்கள். இதை விட்டுவிட்டால் அடுத்த படி பாதிதான் வேலை செய்யும்.

படி 2: கரைசல்

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு மூன்று மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் தூள். கேக் செய்யும் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். இல்லையென்றால் வெள்ளை வினிகரை அப்படியே பயன்படுத்தலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். இதில் சமையல் சோடா சேர்க்கச் சொல்வார்கள். சேர்க்க வேண்டாம். பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் புளிப்பும் சோடாவும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, கறையைக் கரைக்க எதுவும் மிஞ்சாது.

படி 3: ஊற விடுங்கள்

குழாய்க்குப் பழைய பருத்தித் துணியைக் கரைசலில் நனைத்துச் சுற்றிவிடுங்கள். 20 நிமிடம் போதும். அதற்கு மேல் வைத்தால் குரோம் பூச்சு மங்கலாம். பொருக்கு தடிமனாக இருந்தால் கழுவிவிட்டு மறுநாள் இன்னொரு முறை செய்யுங்கள். தங்க நிறக் குழாய், கறுப்புக் குழாய் என்றால் இந்த முறையே வேண்டாம், ஈரத்துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குழாய் வாயில் சின்ன வலை இருந்தால் திருகிக் கழற்றி ஒரு கிண்ணத்தில் ஊறப் போடுங்கள். தண்ணீர் நூலாக வருவதற்குப் பாதி நேரம் அந்த வலை அடைப்பதுதான் காரணம்.

ஷவரைக் கழற்ற வேண்டாம். பிளாஸ்டிக் பையில் கரைசலை ஊற்றி, தலை மூழ்கும்படி ரப்பர் பேண்டால் கட்டி அரை மணி நேரம் விடுங்கள். ஓட்டைகளைப் பழைய டூத் பிரஷால் தட்டிவிட்டுத் தண்ணீரைத் திறந்தால் வெள்ளைத் துகள் கொட்டும்.

டைல்ஸ் சுவரில் கரைசல் வழிந்து போய்விடும் என்பதால் டிஷ்யூ காகிதத்தை நனைத்து ஒட்டிவிடுங்கள். அதற்கு முன் சுவரில் வெறும் தண்ணீரை நன்றாகத் தெளிக்க வேண்டும். டைல்ஸ் இடுக்கில் இருப்பது சிமென்ட், காய்ந்திருந்தால் புளிப்பை உறிஞ்சி அரிபடும். பத்து நிமிடத்தில் எடுத்துக் கழுவிவிடுங்கள்.

வாளி, கப் இரண்டும் சுலபம். கரைசலைப் பாதி வாளி ஊற்றி, கப்பையும் உள்ளே போட்டு, வாளியை அவ்வப்போது சாய்த்து வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பின் தேங்காய் நாரால் லேசாக வழித்தாலே வந்துவிடும். மின்சார கெட்டிலுக்கும் இதே சிட்ரிக் ஆசிட் கரைசல்தான், கொதிக்கவைத்து 15 நிமிடம் விட்டு, இரண்டு மூன்று முறை அலசுங்கள். கீசருக்குள் படியும் உப்பை மட்டும் நீங்களே எடுக்கப் போகாதீர்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

படி 4: கழுவித் துடையுங்கள்

நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். கழுவிய தண்ணீரும் அதே உப்புத் தண்ணீர்தான், அப்படியே காயவிட்டால் அன்றைக்கே புதுத் தடம் விழும். பழைய வேட்டித் துணி இதற்கு அருமை. அப்புறம் கடைசியாகக் குளிப்பவர் சுவருக்கு வைப்பர் ஓட்டி, குழாயை ஒரு முறை துடைத்துவிட்டு வந்தால் போதும். எங்கள் வீட்டில் இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் கரைசல் கலக்குகிறேன்.