பன்றியிறைச்சி அடோபோ: காடியை ஊற்றியதும் கரண்டியைக் கீழே வையுங்கள்

வெங்காயம் வதக்க வேண்டாம், தக்காளி வேண்டாம், மசாலா அரைக்கவும் வேண்டாம். பிலிப்பைன்ஸ் மக்களின் அன்றாட இறைச்சிக் குழம்பான அடோபோவுக்குக் காடி (வினிகர்), சோயா சாஸ், பூண்டு, மிளகு, லாரல் இலை ஆகியவை போதும். பொருள்கள் குறைவு என்பதால் ஒன்று பிசகினாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும்.

குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில், வெப்பமான அந்தத் தீவுகளில் இறைச்சி கெடாமலிருக்கக் காடியும் உப்பும் சேர்த்துச் சமைத்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் வந்த ஸ்பானியர்கள், தங்கள் நாட்டில் ஊறவைத்துச் சமைக்கும் முறைக்கு இருந்த பெயரை இதற்கும் சூட்டினார்கள். சோயா சாஸ் சீன வணிகர்களோடு வந்தது. அது சேராத வெள்ளை அடோபோவை இன்றும் செய்கிறார்கள்.

நான்கு பேருக்குத் தேவையானவை: தோலும் கொழுப்பும் உள்ள வயிற்றுப்பகுதி இறைச்சி 1 கிலோ, சோயா சாஸ் அரை கப், காடி அரை கப், தண்ணீர் ஒன்றரை கப், முழுப் பூண்டு ஒன்று, மிளகு 1 தேக்கரண்டி, லாரல் இலை 3. வெறும் சதையாக வாங்காதீர்கள், வறண்டுவிடும்.

காடியில்தான் கவனம் வேண்டும். அங்கே கரும்புச் சாற்றிலும் தென்னங்கள்ளிலும் புளிக்கவைத்த காடி புழங்குகிறது. கடையில் தென்னங்காடி கிடைத்தால் அதையே வாங்குங்கள். செயற்கை வினிகர் முரட்டுப் புளிப்பு. அதுதான் இருக்கிறது என்றால் கால் கப்பில் தொடங்குங்கள். இலையிலும் ஒரு குழப்பம் உண்டு: நம் பிரிஞ்சி இலையில் நீளவாக்கில் மூன்று நரம்புகள் ஓடும், லவங்கப்பட்டை வாசம் அடிக்கும். அடோபோவுக்கு வேண்டியது நடுவில் ஒரே நரம்புள்ள லாரல் இலை. கிடைக்காவிட்டால் பிரிஞ்சி இலை ஒன்று மட்டும் போடுங்கள்.

படி 1: இறைச்சியை 4 செ.மீ. துண்டுகளாக்குங்கள். சிறிதாக நறுக்கினால் கொழுப்பு உருகித் துண்டே காணாமல் போகும். தட்டிய பூண்டு, சோயா சாஸ், மிளகு சேர்த்து ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். மிளகைப் பொடிக்க வேண்டாம்.

படி 2: ஊறியதை அப்படியே அடி கனமான பாத்திரத்தில் போட்டுத் தண்ணீரும் இலையும் சேருங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், காடி அதை அரிக்கும். கொதித்ததும் நுரையை எடுத்துவிட்டு, மூடி, சிறுதீயில் 40 நிமிடம் வேகவிடுங்கள்.

படி 3: இப்போது காடியை ஊற்றுங்கள். ஊற்றியபின் கிளறாதீர்கள், மூடவும் மூடாதீர்கள். பத்து நிமிடம் திறந்தே கொதிக்கட்டும். முதலில் மூக்கைத் துளைக்கும் நெடி எழும்பும். அது அடங்கி, பூண்டு மணம் மேலே வந்தால் பச்சைக் காடி வாசம் போய்விட்டது என்று பொருள். கிளறினால் அந்தப் பச்சை வாசம் குழம்பிலேயே தங்கிவிடும் என்பது அங்குள்ள சமையற்காரர்கள் தலைமுறையாகச் சொல்லிவருவது. முதல் முறை நான் பழக்கதோஷத்தில் கரண்டியை விட்டுத் துழாவினேன். ஊறுகாய் ஜாடிக்குள் தலையை விட்டதுபோல் இருந்தது சாப்பாடு.

படி 4: பிறகு மூடி, இன்னும் 15 நிமிடம். ஒரு துண்டை எடுத்துக் கரண்டி முனையால் அழுத்துங்கள். முனை தோலில் வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கினால் வெந்தது. ரப்பர்போல் எதிர்த்தால் இன்னும் பத்து நிமிடம் விடுங்கள்.

படி 5: துண்டுகளை வடித்தெடுத்து, குழம்பின்மேல் மிதக்கும் கொழுப்பில் இரண்டு கரண்டி வாணலியில் விட்டு, ஓரம் பழுப்பாகும்வரை வறுங்கள். தெறிக்கும், தள்ளி நில்லுங்கள். இதற்குள் குழம்பு மற்றொரு அடுப்பில் வற்றி, கரண்டியின் பின்புறத்தில் ஒட்டும் பதத்துக்கு வரவேண்டும். இரண்டையும் சேர்த்துவிடுங்கள். உப்பைக் கடைசியில் சுவைத்துப் பார்த்தே போடுங்கள், பெரும்பாலும் தேவைப்படாது.

இது கைவந்ததும், பிலிப்பைன்ஸின் பிக்கோல் பகுதியினர்போலத் தேங்காய்ப்பால் ஊற்றியும் பத்தங்காஸ்காரர்கள்போல மஞ்சள் சேர்த்தும் செய்து பார்க்கலாம்.

சுடச்சுட வெள்ளைச் சோற்றோடு சாப்பிடலாம். ஆனால் பாதியை மறுநாளுக்கு எடுத்து வையுங்கள். ஆறியதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் காலையில் கொழுப்பு வெள்ளை ஏடாக உறைந்திருக்கும். அந்த ஏட்டில் ஒரு கரண்டி எடுத்துப் பூண்டைப் பொரித்து, பழைய சோற்றை உதிர்த்துப் போட்டுப் பிரட்டுங்கள். பக்கத்தில் சூடுபடுத்திய அடோபோ, ஒரு முட்டைப் பொரியல்.