தாக்கி ஆடுபவருக்கு இந்த ரப்பர் ஒத்துவருமா? மேசையிலேயே சோதித்துப் பார்க்கும் முறை

புது ரப்பர் ஒட்டிய டேபிள் டென்னிஸ் பேட்டைக் கையில் எடுத்ததும் பெரும்பாலும் எல்லோரும் முதலில் அடிப்பது ஒரு ஸ்மாஷ். பந்து பறக்கும். ரப்பர் நல்ல ரப்பர் என்று அங்கேயே தீர்ப்பாகிவிடும். மறுவாரம் எதிராளி வெட்டிப் போடும் பேக்ஸ்பின் (பின்னோக்கிச் சுழலும்) பந்தெல்லாம் வலையில் விழும்போது பழி முழுக்க அதே ரப்பரின் மேல் விழும். ஸ்மாஷை எந்த ரப்பரிலும் அடிக்கலாம். தாக்கி ஆடுபவர் தன் ரப்பரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. தாழ்வாக வரும் பேக்ஸ்பின் பந்தை வலைக்கு மேல் தூக்கித் தருகிறதா? மெல்லத் தொட்டால் அடங்கி இருக்கிறதா? முழு வீச்சில் அடிக்கும்போது அதனிடம் இன்னும் வேகம் மிச்சம் இருக்கிறதா?

இந்த மூன்றுக்கும் இரண்டு மணி நேரத்தில் முதல் பதில் காணலாம். ஒரு கூட்டாளி, 30 பந்து, ஒரு குறிப்பேடு இருந்தால் போதும்.

முதலில் ரப்பரைப் பற்றிக் கொஞ்சம்

ரப்பர் என்று நாம் சொல்வது இரண்டு அடுக்குகள் சேர்ந்தது. மேலே இருப்பது டாப் ஷீட், அடியில் ஸ்பாஞ்ச். தாக்கி ஆடுபவர்கள் பெரும்பாலும் வைத்திருப்பது டாப் ஷீட்டின் பிம்பிள்கள் (சிறு குமிழ்கள்) உள்பக்கம் திரும்பி, வெளிப்பக்கம் சமமாக இருக்கும் வகை. அதற்குள்ளும் பிரிவுகள் உண்டு.

ஒன்று, ஒட்டும் மேற்பரப்பு கொண்ட சீன வகை. டி.எச்.எஸ் நிறுவனத்தின் ஹரிகேன் 3 இதற்கு நல்ல உதாரணம். புதிய ஷீட்டில் பந்தை அழுத்திவிட்டுப் பேட்டைத் தலைகீழாகத் திருப்பினால் பந்து சற்று நேரம் ஒட்டிக்கொண்டு நிற்கும். இதன் ஸ்பாஞ்ச் கடினமானது. சுழற்சியைப் பெரும்பாலும் டாப் ஷீட்டின் பிடிதான் தருகிறது. வேகத்தை உங்கள் கைதான் தர வேண்டும்.

இன்னொன்று டென்ஷன் வகை. 2008-இல் கரைப்பான் கலந்த ஸ்பீடு குளூ தடை செய்யப்பட்ட பிறகு, அந்தப் பசை தந்த துள்ளலைத் தொழிற்சாலையிலேயே ரப்பருக்குள் கொண்டுவரும் முயற்சி தீவிரமானது. அதே ஆண்டு வந்த பட்டர்ஃப்ளை நிறுவனத்தின் டெனர்ஜி 05 இந்த வகையில் பெயர் பெற்றது. இதில் பந்து ஸ்பாஞ்சுக்குள் அமுங்கி, கவணில் இருந்து கிளம்புவதுபோல வெளியேறும்.

இவற்றுக்கு முன்னோடிகளான பட்டர்ஃப்ளை ஸ்ரைவர் (1967), யசாகா மார்க் வி (1969) போன்றவற்றில் துள்ளல் குறைவு. அடித்த அளவுக்குத்தான் பந்து போகும். ஆட்டம் பழகும் ஒருவருக்கு முதல் ரப்பராக இவற்றைத்தான் பரிந்துரைப்போம். கை செய்யும் தவறை மறைக்காமல் காட்டிவிடும் என்பதே காரணம்.

உறையில் அச்சிட்டிருக்கும் வேகம், சுழற்சி எண்களை வைத்து ஒரு நிறுவனத்தின் ரப்பரை இன்னொன்றோடு ஒப்பிடாதீர்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அளவுகோல் வேறு. ஸ்பாஞ்சின் கடினத்திலும் இதே குழப்பம்தான். பட்டர்ஃப்ளை அளவில் 36 என்றிருக்கும் டெனர்ஜி நடுத்தரக் கடினம் உள்ளது. டி.எச்.எஸ் அளவில் 39 என்பதோ, ஜெர்மன் ரப்பர்களில் எழுதியிருக்கும் 47.5-ஐ விடவும் கடினம். அதேபோல 2014-இல் பிளாஸ்டிக் பந்து வருவதற்கு முன் எழுதப்பட்ட மதிப்பீடுகள் செல்லுலாய்டு பந்தில் ஆடிப் பார்த்து எழுதியவை. இன்றைய பந்துக்கு அவை அப்படியே பொருந்தாது.

படி 1: மற்றதெல்லாம் மாறாமல் இருக்கட்டும்

புது ரப்பரைப் புது பிளேடில் (ரப்பர் ஒட்டும் மரப் பலகையில்) ஒட்டிச் சோதித்தால், தெரியும் வித்தியாசம் எதனுடையது என்று சொல்ல முடியாது. பழகிய பிளேடிலேயே ஒட்டுங்கள். 5 அடுக்கு முழு மரப் பிளேடாக இருந்தால் மிகவும் நல்லது. கார்பன் பிளேடு ரப்பரின் குணத்தின் மேல் தன் குணத்தையும் ஏற்றிவிடும். பந்து எல்லாச் சோதனைக்கும் ஒரே நிறுவனத்தின் மூன்று நட்சத்திர (போட்டித் தர) 40+ பிளாஸ்டிக் பந்தாக இருக்கட்டும்.

எடையையும் பாருங்கள். சமையலறைத் தராசே போதும். வெட்டிய ரப்பர் ஒன்று சுமார் 45 முதல் 50 கிராம் வரும். 85 கிராம் பிளேடில் இரண்டு ரப்பர் ஒட்டினால் மொத்தம் 180 கிராமைத் தொடும். பழைய பேட்டை விட 8, 10 கிராம் கூடினாலே வீச்சு தாமதமாகும். அப்போது வலையில் விழும் பந்துக்கு ரப்பரின் பிடி காரணமாக இருக்காது. எடைதான் காரணம்.

படி 2: ஒட்டுவது

தண்ணீர் சார்ந்த பசையைப் பயன்படுத்துங்கள். பிளேடில் மெல்லிய ஒரு பூச்சு, ஸ்பாஞ்சில் ஒரு பூச்சு. ஸ்பாஞ்ச் நிறையக் குடித்துவிட்டால் காய்ந்ததும் அதற்கு மட்டும் இரண்டாவது பூச்சு. பூசும்போது பால்போல வெள்ளையாக இருக்கும் பசை, காய்ந்ததும் கண்ணாடிபோல் ஆகிவிடும். 15, 20 நிமிடம் ஆகலாம். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் இன்னும் கூடுதல் நேரம் விடுங்கள். ஒரு மூலையில் வெள்ளை தெரிந்தாலும் ஒட்டக் கூடாது. அந்த இடத்தில் ஈரம் சிக்கி, குமிழ் எழும், பந்து அங்கே பட்டால் செத்துப்போகும்.

ரப்பரின் கீழ் விளிம்பைக் கைப்பிடிக்கு நேராக வைத்து, அங்கிருந்து மேல்நோக்கி உருட்டிக்கொண்டே ஒட்டுங்கள். உருண்டையான புட்டி ஒன்று போதும். இழுக்கக் கூடாது. இழுத்து ஒட்டிய ரப்பரின் குணமே மாறும், சில நாளில் சுருங்கி விளிம்பில் மரம் தெரியும். ஐ.டி.டி.எஃப் (சர்வதேச டேபிள் டென்னிஸ் கூட்டமைப்பு) முத்திரையும் அனுமதி எண்ணும் கைப்பிடிப் பக்கம் தெரியும்படி இருக்க வேண்டும். பசையோடு சேர்த்து ஒரு பக்கத்தின் மொத்தத் தடிமன் 4.0 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது விதி. துள்ளலைக் கூட்டுவதற்காக விற்கப்படும் பூஸ்டர் எண்ணெய்களைத் தொடாதீர்கள். போட்டியில் அவற்றுக்கு அனுமதி இல்லை. அதோடு, நீங்கள் சோதிப்பது ரப்பரையா எண்ணெயையா என்றும் தெரியாமல் போய்விடும்.

படி 3: கையில் தட்டிப் பார்ப்பது

பேட்டைக் கிடையாகப் பிடித்து, 30 செ.மீ. உயரத்தில் இருந்து பந்தை விடுங்கள். பழைய ரப்பரில் எவ்வளவு உயரம் எழுந்ததோ அதோடு ஒப்பிடுங்கள். சும்மா விட்ட பந்தே உயரமாகத் துள்ளினால், மென்மையான தொடுதலிலும் ரப்பர் தானாக வேகம் சேர்க்கும் என்று பொருள். இதை இப்போது குறித்து வையுங்கள், படி 6-இல் தேவைப்படும்.

படி 4: பேக்ஸ்பின்னைத் தூக்குவது

சோதனையின் உயிர் இதில்தான் இருக்கிறது. நேரம் குறைவாக இருந்தால் மற்றவற்றை விட்டுவிட்டு இதை மட்டுமாவது செய்யுங்கள்.

மேசையின் எதிர்ப்பக்க விளிம்போரம், கடைக்கோட்டைத் தொட்டபடி ஒரு ஏ4 தாளை நீளவாக்கில் வையுங்கள். அதன் நீளம் கிட்டத்தட்ட 30 செ.மீ. எனவே மேசையின் கடைசி 30 செ.மீ. எதுவென்று கண்ணுக்குத் தெரியும். கூட்டாளி ஒரே அளவு பேக்ஸ்பின்னில், ஒரே இடத்துக்கு 30 பந்துகளை வரிசையாகப் போடட்டும். முதல் 10 பந்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம், கை பழகுவதற்கு அவை. அடுத்த 20 பந்துக்கும் ஃபோர்ஹேண்ட் டாப்ஸ்பின் (பந்தை மேல்நோக்கி உரசி முன்னோக்கிச் சுழல விடும் அடி), முக்கால் வேகத்தில். பந்து வலையில் விழுந்ததா, மேசையின் நடுவிலா, கடைசி 30 செ.மீ.யிலா, வெளியிலா என்று நான்கு கட்டங்களில் கோடு போடுங்கள்.

பாதிக்கு மேல் கடைசி 30 செ.மீ.யில் விழுந்தால் இந்த ரப்பரின் எழும்பும் கோணம் உங்கள் வீச்சோடு ஒத்துப்போகிறது.

பெரும்பாலும் வலையில் என்றால் அவசரப்படாதீர்கள். வலையில் விழுவதிலும் இரண்டு விதம் உண்டு. பந்து ரப்பரில் வழுக்கி, சத்தமே இல்லாமல் செத்து விழுவது ஒன்று. சற்று ஈரமான பஞ்சால் மேற்பரப்பைத் துடைத்து, உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றிவிட்டு இன்னும் 10 பந்து அடியுங்கள். இப்போது மேசையில் விழுந்தால் தவறு தூசியின் மேல் அல்லது ஈரத்தின் மேல். ஒட்டும் வகை ரப்பர் இரண்டையும் வேகமாக இழுத்துக்கொள்ளும். காற்றில் ஈரம் அதிகமான மாலைகளில் ஒவ்வொரு ஆட்டத்துக்கு நடுவிலும் துடைக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, பந்தில் நல்ல சுழற்சி இருந்தும் வளைவு தாழ்வாகப் போய் வலையின் மேல் நாடாவில் இடிப்பது. கடினமான சீன ரப்பரில் இது அடிக்கடி நடக்கும். முழங்காலை மடக்கி, இடுப்பைத் திருப்பி, முன்கையை வேகமாக வீசுபவருக்கு அந்த ரப்பர் அள்ளித் தரும். கையை மட்டும் அசைத்து அடிப்பவருக்கு ஒன்றும் தராது. தொழில்முறை வீரர் யாரோ வைத்திருக்கிறார் என்று ஹரிகேனைத் தேடிப் போகும் புதியவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். உடல் வீச்சு அமையும்வரை அதைத் தள்ளிப் போடுவதே நல்லது.

வெளியே போகும் பந்துகள் அதிகமா? பேட்டின் முகத்தை இன்னும் கொஞ்சம் மூடி, மேல்நோக்கிய வீச்சைக் குறைத்து முன்னோக்கி உரசுங்கள். 15 பந்துக்குள் சரியானால் அது பழக்கம் சார்ந்தது. அதன் பிறகும் மூன்றில் ஒன்று வெளியே போனால் அதே ரப்பரில் ஸ்பாஞ்சைக் குறையுங்கள். 2.1 மி.மீ.க்குப் பதில் 1.9. பலருக்கு இந்த 0.2 மி.மீ. போதுமானதாக இருக்கிறது.

படி 5: அரை, முக்கால், முழு வேகம்

கூட்டாளி பேட்டின் கோணத்தை மாற்றாமல் பிளாக் செய்துகொண்டே (வீசாமல் பந்தைத் தடுத்துத் திருப்பிக்கொண்டே) இருக்கட்டும். நீங்கள் டாப்ஸ்பின்னை அரை வேகத்தில் 10, முக்காலில் 10, முழு வேகத்தில் 10 அடியுங்கள். கூட்டாளியின் பிளாக் எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று பாருங்கள். சுழற்சி கூடக் கூட அது மேலே எழும்.

மென்மையான ஸ்பாஞ்சில் அரை வேகம் அருமையாக இருக்கும், முக்காலும் நன்றாக இருக்கும். முழு வேகத்தில் புதிதாக எதுவும் கிடைக்காது. ஸ்பாஞ்ச் முழுக்க அமுங்கி, பந்து மரத்தையே அடிக்கத் தொடங்கியிருக்கும். ‘டொக்’ என்ற காய்ந்த சத்தம் அதைக் காட்டிக்கொடுக்கும், பந்தும் வளையாமல் நேராக ஓடும். வாரம் இரண்டு நாள் ஆடுபவருக்கு இது பெரிய குறையில்லை. அவர் ஆட்டத்தில் பெரும்பகுதி முக்கால் வேகத்தில்தான் நடக்கிறது. போட்டிக்குத் தயாராகும் இளைஞருக்குக் குறைதான். அவர் ஒரு படி கடினமான ஸ்பாஞ்சுக்கு மாற வேண்டும்.

படி 6: அடக்கம்

கூட்டாளியின் டாப்ஸ்பின்னுக்கு எதிராக, பிடியைத் தளர்த்தி, பேட்டை அசைக்காமல் 10 பிளாக். பிறகு அவருடைய குட்டை சர்வீஸை 10 முறை குட்டையாகவே புஷ் செய்து (பந்தின் அடியில் மெல்ல வெட்டி) திருப்புங்கள். அவர் பக்கம் இரண்டு முறை குதிக்கும் பந்துகளை மட்டும் எண்ணுங்கள். 5-க்குக் கீழ் என்றால், உங்கள் தாக்குதல் தொடங்கும் முன்பே எதிராளிக்குத் தாக்க வாய்ப்பு கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

படி 3-இல் அதிகம் துள்ளிய ரப்பர் இங்கே பெரும்பாலும் சொதப்பும். பந்து எழுந்த பிறகு தொடாமல், மேசையில் பட்டு எழும் அந்த நொடியிலேயே தொட்டு மறுபடி 10 எண்ணிப் பாருங்கள். முன்னேற்றம் தெரிந்தால் ரப்பரை வைத்துக்கொள்ளலாம்.

சர்வீஸ் சோதனைக்கு 5 நிமிடம் போதும். பேக்ஸ்பின் சர்வீஸைக் குட்டையாகப் போட்டுப் பாருங்கள். எதிர்ப்பக்கத்தில் பட்ட பந்து நின்று வலையை நோக்கித் திரும்பி வந்தால் டாப் ஷீட்டின் பிடியில் குறை இல்லை.

குறிப்பேட்டைப் படிப்பது

முதல் நாள் கணக்கை வைத்து முடிவெடுக்காதீர்கள். கடின ஸ்பாஞ்ச் இளகச் சில மணி நேரம் ஆட வேண்டும். நான்கைந்து மணி நேரம் ஆடிய பிறகு 4, 5, 6 ஆகிய படிகளை மறுபடி செய்து, அந்த எண்களை முதல் எண்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். படி 4-இல் தேறி, படி 6-இல் திணறும் ரப்பரைப் பழக்கத்தால் வசப்படுத்தலாம். படி 4-இல் இரண்டாவது முறையும் தோற்ற ரப்பரோடு தாக்கி ஆட முயன்றால், வலைக்குப் பயந்து வீச்சையே மாற்றிக்கொள்வீர்கள். கெட்டுப்போன வீச்சைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும்.

ஃபோர்ஹேண்டில் தோற்றதைத் தூக்கிப் போட வேண்டாம். பேக்ஹேண்டில் வீச்சு குட்டை, நேரமும் குறைவு. அங்கே மென்மையான, தானாகத் துள்ளும் ரப்பர் உதவி செய்யும். கைப்பிடி ஓரத்தில் இருந்து மெதுவாக, குறுக்கே இழுக்காமல் நேராக உரித்து, ஸ்பாஞ்சில் இருக்கும் பழைய பசையைக் கட்டைவிரலால் உருட்டி எடுத்துவிட்டு மறுபக்கம் ஒட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வேறு பளிச்சென்ற நிறம் இருக்க வேண்டும் என்பது விதி. 2021 அக்டோபரில் இருந்து சிவப்போடு நீலம், பச்சை, இளஞ்சிவப்பு, ஊதா நிறங்களுக்கும் அனுமதி உண்டு. ஆகவே உரித்தது கறுப்பு என்றால், ஃபோர்ஹேண்டுக்கு அடுத்து வாங்கும் ஷீட் கறுப்பாக இருக்கக் கூடாது.