விங்கரா, டிராவலரா? டீசல் சரக்கு வேன் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயம்புத்தூரில் சிப்ஸ், முறுக்கு, மிக்சர் தயாரித்துக் கடைகளுக்கு அனுப்பும் தொழில் எங்களுடையது. அதனால் வேன் வாங்கப்போகும் நண்பர்கள் பலர் என்னிடம் வந்து கேட்பது ஒரே கேள்விதான்: டாடா விங்கர் கார்கோ எடுக்கலாமா, ஃபோர்ஸ் டிராவலர் டெலிவரி வேன் எடுக்கலாமா? நான் திருப்பிக் கேட்பதும் ஒரே கேள்விதான். "ஒரு நடைக்கு எத்தனை கிலோ ஏற்றுகிறீர்கள்?" இதுவரை ஒருவரும் உடனே பதில் சொன்னதில்லை. "வண்டி நிறைய ஏற்றுவோம்" என்பார்கள். இலட்சக்கணக்கில் கடன் வாங்கிச் செய்யும் செலவுக்கு இந்தப் பதில் போதாது.

வண்டி நிறைவது வேறு, வண்டியின் எடை வரம்பு நிறைவது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் நான் பார்த்தவற்றில் பெரிய தவறு. விங்கர் கார்கோவின் சரக்கு அறை சுமார் 3.2 மீட்டர் நீளம், 1.6 மீட்டர் அகலம், 1.9 மீட்டர் உயரம் கொண்டது. அதாவது ஏறத்தாழ 10 கன மீட்டர் இடம். கம்பெனி சொல்லும் சுமைத்திறன் 1,680 கிலோ. இதில் 26 கிலோ அரிசிச் சிப்பத்தை ஏற்றிப் பாருங்கள். (25 கிலோ வரையிலான பைக்கு 2022 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததால் பிறந்த சிப்பம் இது.) 64 சிப்பத்தோடு எடை வரம்பு முடிந்துவிடும். ஆனால் அந்த 64 சிப்பமும் சேர்ந்து அடைக்கும் இடம் 2 கன மீட்டரைச் சற்றுத்தான் தாண்டும். அறையில் ஐந்தில் நான்கு பங்கு காலியாகவே இருக்கும். அந்தக் காலி இடத்தைப் பார்த்ததும் "இன்னும் இருபது சிப்பம் தாங்கும்" என்று தோன்றும். அங்கிருந்துதான் ஸ்பிரிங் முறிவதும் டயர் வெடிப்பதும் தொடங்குகின்றன.

பொரியும் சிப்ஸும் இதற்கு நேர்மாறு. கூரைவரை அடுக்கினாலும் ஒரு டன்னைத் தொடாது. இவற்றை ஏற்றுபவருக்குச் சுமைத்திறன் எண் ஏறக்குறையப் பயனற்றது. அவர் பார்க்க வேண்டியது அறையின் நீளத்தையும் உயரத்தையும். டிராவலரில் 3350, 3700, 4020 மில்லிமீட்டர் என வெவ்வேறு வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்) உண்டு. நீளம் வேண்டுபவருக்கு அங்கே தேர்வு அதிகம். ஆனால் நீளமான வண்டி ராஜ வீதி போன்ற கடைத்தெருவில் திரும்பப் படும் பாட்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வெளியே போகும்போது சிப்ஸ்; திரும்பும்போது 15 கிலோ எண்ணெய் டின்களும் 50 கிலோ மைதா மூட்டைகளும். போகும் நடையை மட்டும் பார்த்து வண்டி எடுத்தால் வரும் நடையில் மாட்டிக்கொள்வோம்.

ஆகவே ஷோரூமுக்குப் போகும் முன்பு, இப்போது ஓட்டும் வண்டியையோ வாடகை வண்டியையோ ஒரு வாரம் எடைமேடையில் ஏற்றிச் சீட்டு வாங்கி வையுங்கள். ஆறு நாள் சீட்டு கையில் இருந்தால் பாதித் தேர்வு தானாகவே முடிந்துவிடும்.

அடுத்த தவறு, குதிரைத்திறனை மட்டும் ஒப்பிடுவது. பிஎஸ்6 (வாகனப் புகைக்கான அரசு விதி) விங்கரின் 2.2 லிட்டர் எஞ்சினுக்கு 100 குதிரைத்திறன். டிராவலரின் 2.6 லிட்டர் எஞ்சினுக்கு 115. "பதினைந்துதானே வித்தியாசம்" என்று விட்டுவிடுகிறார்கள். பக்கத்து வரியைப் பார்ப்பதில்லை. டார்க் எனப்படும் முறுக்குவிசை முன்னதில் 200 நியூட்டன் மீட்டர், பின்னதில் 350. முழுச் சுமையோடு மேட்டில் நின்ற வண்டியைக் கிளப்பும்போது கிளட்ச் எவ்வளவு தேயும், மூன்றாவது கியரில் ஏற முடியுமா, இரண்டாவதுக்கு இறங்க வேண்டுமா என்பதையெல்லாம் கியர் விகிதங்களோடு சேர்ந்து முடிவு செய்வது இந்த எண்தான். கோவையிலிருந்து திருப்பூர் வரை சமதளத்தில் ஓடும் வண்டிக்கு இதனால் பெரிய வேறுபாடு தெரியாது. சத்தியமங்கலம் தாண்டித் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் வண்டிக்குத் தெரியும்.

இரண்டு வண்டிகளுக்கும் இடையே உள்ள உண்மையான பிரிவு எஞ்சினைவிட ஆழமானது. விங்கர், ரெனோவின் பழைய டிராஃபிக் வேனின் வழியில் வந்தது. எஞ்சின் சுற்றுவது முன்சக்கரங்களை. டிராவலர், மெர்சிடிஸின் டி1 வேனின் வழியில் வந்தது, சுற்றுவது பின்சக்கரங்களை. (ஃபோர்ஸ் மோட்டார்ஸ் 2005 வரை பஜாஜ் டெம்போ என்ற பெயரில் இருந்தது. இன்றும் நாம் 'டெம்போ டிராவலர்' என்றே சொல்வது அதனால்தான்.) முன்சக்கர வண்டியில் பின்பக்கம் ஓடும் நீண்ட தண்டு தேவையில்லை; அதனால் தளத்தைத் தாழ்வாக அமைக்க முடியும். நாளுக்கு நாற்பது கடையில் ஏறி இறங்கும் லோடுமேனின் முதுகுக்கு இது பெரிய உதவி. இதை ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் மேட்டில் ஏறும்போது எடை பின்னோக்கிச் சாயும். சுமையையும் பின்கதவை ஒட்டியே அடுக்கினால் முன்சக்கரங்களின் மேல் அழுத்தம் இன்னும் குறையும். ஈரச் சாலையில் அவை பிடிப்பில்லாமல் சுழலும்; ஸ்டியரிங்கும் இலேசாகிவிடும். பின்சக்கர வண்டியில் அதே சுமை, இழுக்கும் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து பிடிப்பைக் கூட்டும். ஆனால் காலியாகச் சேற்றில் நின்றால் அது வழுக்கும். ஆகவே மலைப்பகுதிக்குக் கனமான சரக்கு என்றால் என் ஓட்டு பின்சக்கர இழுவைக்கு. நகரத்துக்குள் இலகுவான சரக்கு, நிறைய நிறுத்தங்கள் என்றால் முன்சக்கர இழுவைக்கு. எதை எடுத்தாலும் கனமான மூட்டைகளை ஓட்டுநர் அறைத் தடுப்பை ஒட்டி, கீழே அடுக்கப் பழக்குங்கள்.

காலி வண்டியை ஓட்டிப் பார்த்து முடிவு செய்வதும் வீண். அவிநாசி சாலையில் காலியாக ஓடினால் எல்லா வேனும் நன்றாகத்தான் ஓடும். நாலைந்து மூட்டையாவது ஏற்றிப் பார்க்கச் சம்மதம் கேளுங்கள். வண்டியை ஓட்டப்போகும் ஓட்டுநரையே உட்கார வையுங்கள், முதலாளி ஓட்டிப் பார்ப்பதால் பயன் இல்லை. கையோடு ஓர் அளவுநாடாவும் கொண்டுபோங்கள். நீங்கள் சரக்கு இறக்கும் அடித்தள வாகன நிறுத்தத்தின் வாசல் உயரத்தை முன்பே குறித்துவைத்திருந்தால் இரண்டு வண்டிகளில் எது உள்ளே போகும், எதுவும் போகாதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை, தாண்டினால் தேவை. இந்த வகை வேன்களில் அதை ஆர்சியில் உள்ள எண்ணைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். அதிகச் சுமைக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 தனி. அதோடு, கூடுதல் சரக்கை அங்கேயே இறக்கவும் வேண்டும். விலையில், சரக்கு வண்டிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. பொதுவான முறையில் ஜிஎஸ்டி கட்டும் வணிகர் அந்த வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சிறு வணிகர்களுக்கான இணக்கத் திட்டத்தில் (காம்போசிஷன்) இருப்பவரால் முடியாது. எனவே நண்பர் சொன்ன "எனக்கு இவ்வளவுதான் விழுந்தது" என்ற தொகை உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

பிஎஸ்6 டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. பிடித்த கரியை அது அவ்வப்போது ஏறத்தாழ 600 டிகிரி வெப்பத்தில் எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு வண்டி சிறிது நேரம் நிற்காமல் ஓட வேண்டும். எங்கள் வேன் ஒன்று நகருக்குள் மூன்று நான்கு கிலோமீட்டர் நடைகளாகவே ஓடியது. ஒவ்வொரு கடையிலும் எஞ்சினை அணைப்போம். டேஷ்போர்டில் விளக்கு எரிந்ததை ஓட்டுநரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரம், ஆர்டர்கள் குவிந்திருந்த நேரத்தில், வண்டி வேகம் பிடிக்க மறுத்து சர்வீஸ் சென்டரில் நின்றது. அதன் பிறகு வாரம் ஒரு நாள் அந்த வண்டியைப் பொள்ளாச்சி நடைக்கு அனுப்புகிறோம். உங்கள் ஓட்டம் முழுவதும் குறுநடைதான் என்றால், இரண்டு டீசல் வேன்களில் எது என்று கேட்பதற்கு முன்பு டீசல்தான் வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள்.

வண்டி எடுத்ததும் பலர் உள்ளே இரும்பு ராக் அடிப்பார்கள். தளத்துக்குத் தகடு போடுவார்கள். அந்த எடை முழுவதும் சுமைத்திறனிலிருந்துதான் கழியும். 180 கிலோவுக்கு ராக் அடித்தால் 1,680 என்பது 1,500 ஆகிவிடும். அரிசிக் கணக்கில் ஏறக்குறைய ஏழு சிப்பம். வேலை முடிந்த அன்றே டேங்கை நிரப்பி, ஓட்டுநரையும் லோடுமேனையும் உட்காரவைத்து எடைமேடையில் ஏற்றுங்கள். அந்தச் சீட்டை ஆர்சியோடு வையுங்கள். இனி எத்தனை மூட்டை ஏற்றலாம் என்பதை அந்த எண்ணிலிருந்து கணக்கிட்டு, பின்கதவின் உட்பக்கம் பெயின்டில் எழுதிவிடுங்கள்.