டெஸ்க்டாப்புக்கு வேகமான ஹார்ட் டிஸ்க்: ஆர்பிஎம்மை விட மாடல் எண் முக்கியம்

கடையில் ஹார்ட் டிஸ்க் கேட்டால் முதலில் காதில் விழுவது "7200 ஆர்பிஎம் சார், ஸ்பீடா இருக்கும்" என்பதுதான். அந்த எண்ணுக்கு எவ்வளவு மதிப்பு என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்று முடிக்க 8.33 மில்லி செகண்ட் எடுக்கும். தேவையான இடம் ஹெட்டுக்கு (தட்டைப் படிக்கும், எழுதும் முனை) அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.17 மில்லி செகண்ட். 5400 ஆர்பிஎம்மில் இது 5.56. அதற்கு முன்பே ஹெட் சரியான தடத்துக்கு நகர்ந்திருக்க வேண்டும். அதற்கு 8, 9 மில்லி செகண்ட். ஆக, சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளை 7200 டிஸ்க் ஒரு செகண்டுக்கு 75, 80 தடவைதான் தேடி எடுக்க முடியும். ஒவ்வொரு தடவையும் 4 கேபி என்றால் செகண்டுக்கு 320 கேபி! விண்டோஸ் பூட் ஆவதும் பிரவுசர் திறப்பதும் பெரும்பாலும் இந்த வகை வேலை. 5400-இலிருந்து 7200-க்குத் தாவினால் இதில் மிச்சமாவது ஏறக்குறைய ஒன்றரை மில்லி செகண்ட். வெஸ்டர்ன் டிஜிட்டலின் வெலாசிராப்டர் 10,000 ஆர்பிஎம்மில் சுழன்றது. அதற்கும் அரைச் சுற்றுக்கு 3 மில்லி செகண்ட் ஆனது.

அதனால் விண்டோஸும் மென்பொருள்களும் எஸ்எஸ்டியில்தான் (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) இருக்க வேண்டும். இதில் வேறு பேச்சுக்கே இடமில்லை. ஹார்ட் டிஸ்க் மாட்டும் அதே சாட்டா கேபிளில் மாட்டும் சாதாரண எஸ்எஸ்டிகூட 4 கேபி கோப்புகளைச் செகண்டுக்கு 25 முதல் 40 எம்பி வரை படிக்கும். சுழலும் டிஸ்க்கைப் போல நூறு மடங்கு. பழைய மதர்போர்டு என்றால் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போதும். மதர்போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 ஸ்லாட் இருந்தால் 500 ஜிபி அல்லது 1 டிபி என்விஎம்இ (சாட்டாவைவிட வேகமான எஸ்எஸ்டி வகை) வாங்குங்கள். வாங்குமுன் மதர்போர்டு மேனுவலில் இரண்டு விஷயம் பாருங்கள். அந்த ஸ்லாட் என்விஎம்இ ஏற்குமா, சாட்டா மட்டுமா என்பது ஒன்று. அதில் எஸ்எஸ்டி போட்டால் எந்த சாட்டா போர்ட் செயலிழக்கும் என்பது இன்னொன்று. பல போர்டுகளில் ஒன்றிரண்டு போர்ட் அணைந்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க் "செத்துப்போச்சு" என்று நினைத்துத் தூக்கிப்போடுவது இதனால்தான்.

பெட்டியில் 7000 எம்பி என்று போட்டிருப்பதைப் பார்த்து அதிகப் பணம் கொடுக்க வேண்டாம். அது ஒரே பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும் வேகம். பிசிஐஇ (என்விஎம்இ எஸ்எஸ்டி பயன்படுத்தும் பாதை) 3.0 எஸ்எஸ்டிக்கும் 4.0 எஸ்எஸ்டிக்கும் பூட் நேரத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. கவனிக்க வேண்டியது உள்ளே இருக்கும் சிப்பின் வகை. கியூஎல்சி சிப் (செல்லுக்கு நான்கு பிட்) உள்ளவை முதல் சில பத்து ஜிபியை ஒரு தற்காலிக இடத்தில் வேகமாக எழுதும். அந்தத் தற்காலிக இடம் நிரம்பியதும் படுத்துவிடும். உதாரணமாக சாம்சங் 870 கியூவிஓ 1 டிபி, சுமார் 42 ஜிபிக்குப் பிறகு செகண்டுக்கு 80 எம்பிக்கு இறங்கும். சுழலும் டிஸ்க்கே அதைவிட வேகமாக எழுதும். டிஎல்சி (செல்லுக்கு மூன்று பிட்) வகையைக் கேட்டு வாங்குங்கள். என்விஎம்இயில் டிரேம் (எஸ்எஸ்டிக்குள் இருக்கும் சொந்த ராம்) இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டரின் ராமில் கொஞ்சம் கடன் வாங்கிச் சமாளிக்கும். சாட்டா எஸ்எஸ்டிக்கு அந்த வசதி இல்லை. அங்கே டிரேம் உள்ளதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது தகும்.

இனி படங்கள், வீடியோ, பேக்கப் வைக்கும் பெரிய டிஸ்க். பலர் ஏமாறும் இடம் இதுதான்.

ஹார்ட் டிஸ்க்குகளில் சிஎம்ஆர், எஸ்எம்ஆர் என்று இரண்டு வகை. சிஎம்ஆரில் தடங்கள் தனித்தனியே பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எஸ்எம்ஆரில், கூரையில் ஓடு வேய்ந்ததுபோல ஒரு தடத்தின் ஓரத்தின் மேல் அடுத்த தடம் ஏறி நிற்கும். அதே தட்டில் அதிகம் அடைக்கலாம், விலை குறையும். ஆனால் கூரை நடுவில் ஒரு ஓடு மாற்ற அதன் மேல் ஏறிய ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டுமே, அந்தக் கதைதான் இங்கும்: ஒரு தடத்தை மாற்ற வேண்டுமென்றால் அடுத்தடுத்த தடங்களையும் படித்துத் திரும்ப எழுத வேண்டும். இதை மறைக்க டிஸ்க்கிலேயே ஒரு பகுதியைச் சாதாரண முறையில் ஒதுக்கி வைத்திருப்பார்கள். முதல் சில பத்து ஜிபி அங்கே போகும்வரை 180, 200 எம்பி வேகம் காட்டும். அது நிரம்பியதும் செகண்டுக்கு 30 எம்பி, சில நேரம் அதற்கும் கீழே. 500 ஜிபி காப்பி போட்டால் பாதியில் நின்றுவிட்டதோ என்று தோன்றும்.

ஆர்பிஎம்மைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. சீகேட் பாரகூடா 2 டிபி எஸ்டி2000டிஎம்008-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 7200 ஆர்பிஎம், 256 எம்பி கேஷ் (டிஸ்க்கின் தற்காலிக நினைவகம்), ஆனால் எஸ்எம்ஆர். வெஸ்டர்ன் டிஜிட்டல் புளூ 1 டிபி டபிள்யூடி10ஈஇசட்இஎக்ஸ் வெறும் 64 எம்பி கேஷ்தான், அது சிஎம்ஆர். சின்னக் கொள்ளளவில் பெரிய கேஷ் என்று பெருமையாகப் போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். 2020-இல், வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரை சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது வெளிவந்து பெரிய சர்ச்சையானது. அதன் பிறகுதான் சிஎம்ஆர் மாடல்களுக்கு ரெட் பிளஸ் என்று தனிப்பெயர் வைத்தார்கள். ஆகவே லேபிளில் உள்ள முழு மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் டேட்டா ஷீட்டில் தேடி, சிஎம்ஆர் என்று இருந்தால் மட்டும் வாங்குங்கள். சீகேட் ஐயன்வுல்ஃப், டபிள்யூடி ரெட் பிளஸ், தோஷிபா என்300 இவற்றில் அந்தக் கவலை இல்லை. ஒருமுறை எழுதிவிட்டு அலமாரியில் வைக்கும் பேக்கப்புக்கு மட்டும் என்றால் எஸ்எம்ஆரும் பரவாயில்லை.

தட்டின் வெளிவிளிம்பில் வேகம் அதிகம். உள்வட்டத்தில் ஏறக்குறைய பாதி. டிஸ்க் வெளியிலிருந்துதான் நிரம்பத் தொடங்கும், எனவே அடிக்கடி எடிட் செய்யும் வீடியோவுக்கு முதல் பார்ட்டிஷனை (டிஸ்க்கில் பிரிக்கும் பகுதி) ஒதுக்குங்கள்.

மாட்டும்போது: எஸ்எஸ்டியில் விண்டோஸ் போடுகையில் மற்ற எல்லா டிஸ்க்கின் சாட்டா கேபிளையும் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பூட் பார்ட்டிஷன் பழைய டிஸ்க்கில் போய் உட்காரக்கூடும். நாளை அதைக் கழற்றினால் கம்ப்யூட்டர் பூட் ஆகாது. 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கை ஜிபிடியாக (டிஸ்க்கின் இடத்தைக் குறித்து வைக்கும் புதிய முறை) இனிஷியலைஸ் செய்யுங்கள். பழைய முறையான எம்பிஆர் என்றால் மீதி இடம் காணாமல் போகும். பவர் சப்ளையின் பழைய நாலு பின் இணைப்பான மோலெக்ஸிலிருந்து சாட்டா பவருக்கு மாற்றும், பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த மலிவு கன்வெர்ட்டர்களைத் தொடாதீர்கள். உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று உரசித் தீப்பிடிக்கக்கூடியவை அவை.

வாங்கிய அன்றே டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். ஓடிய மணி நேரம் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இருந்தால் பழைய டிஸ்க்கைத் துடைத்து விற்றிருக்கிறார்கள். அடுத்து, குவிக் ஃபார்மட் டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுங்கள். 4 டிபிக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும், இரவில் விட்டுவிடலாம். முடிந்ததும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில், கெட்டுப்போன இடங்களைக் காட்டும் 05, சி5, சி6 வரிகளின் ரா வேல்யூவைப் பாருங்கள். பூஜ்யம் தவிர வேறு எந்த எண் வந்தாலும் பில்லோடு போய் மாற்றிக்கொள்ளுங்கள். தகவல் போய்வரும் வழியில் ஏற்படும் பிழையை எண்ணும் சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால் குற்றம் பெரும்பாலும் சாட்டா கேபிளில்; கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகலாம்.