உரிந்த சில்லைத் திருப்பிப் பாருங்கள்: சமையலறை மரவேலைக்குக் கையால் பெயிண்ட் அடிக்கும்போது நேரும் தவறுகள்

அடுப்புக்குப் பக்கத்து ஷட்டரில், அதாவது கபோர்டு கதவில், கைப்பிடிக்குக் கீழே நகம் பட்டுப் பட்டுப் பெயிண்ட் உரிய ஆரம்பிக்கும். அந்தச் சில்லைக் குப்பையில் போடுவதற்கு முன் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வழவழவென்று பளபளத்தால், புதிய பெயிண்ட் பழையதின் மேல் பிடிக்கவே இல்லை. பிசுக்கு போகவில்லை, அல்லது உப்புத்தாள் ஒழுங்காகப் போடவில்லை. பின்பக்கத்தில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தால், ஓட்டையை அடைக்க அடியில் வைத்த பட்டி தவறு. மரநாரே பிய்ந்து வந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. கம்பெனியை மாற்றி, விலை கூடிய டின் வாங்கினாலும் இவற்றில் ஒன்றும் சரியாகாது. பிரஷ் வேலை நின்று பேசுவது அதற்கு அடியில் உள்ள வேலையால்தான்.

தேக்குக் கதவு போட்ட பழைய கபோர்டு, பிளைவுட் ஷட்டர், மர மேசை, ஊஞ்சல் பலகை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சமையலறை மட்டும் கூடுதல் கவனம் கேட்கும். தாளிப்புப் புகையும் நீராவியும் மஞ்சள் கையும் தினமும் படுகிற இடம் அது.

கழுவாமல் தேய்ப்பது

அதிகம் பேர் செய்யும் தவறு இது. ஷட்டரைக் கழற்றியதும் நேரே உப்புத்தாளை எடுத்துவிடுகிறார்கள். மேலே இருக்கும் எண்ணெய்ப் படலம் தேய்ப்பில் போய்விடும் என்று நினைப்பு. போகாது. உப்புத்தாள் போடும் நுண்ணிய கீறல்களுக்குள் எண்ணெய் அழுந்தி உட்கார்ந்துகொள்ளும். அதன்மேல் பிரைமர், அதாவது பெயிண்டுக்கு முந்தைய அடிப்பூச்சு, அடித்தால் சில இடங்களில் அது விலகி, மீன்கண் போலச் சின்னச் சின்ன வட்டக் குழிகள் விழும். எத்தனை கோட் அடித்தாலும் அந்தக் குழி மூடாது.

முதலில் கழுவ வேண்டும். ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடா, சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். கையுறை போட்டுக்கொண்டு, பச்சை நிறத் தேய்ப்பு நாரால் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை துடைக்க வேண்டும். இந்த இரண்டாவது துடைப்பை விட்டுவிடாதீர்கள். சோடாவின் காரம் மிச்சமிருந்தால் எண்ணெய் பெயிண்டான எனாமலில் உள்ள எண்ணெயோடு சேர்ந்து அதைச் சோப்பாக மாற்றும், பெயிண்ட் இளகிப் பிடி விடும். சோடா நீரை வெறும் தேக்கின் மேல் ஊற்ற வேண்டாம், மரம் கறுக்கும். பெயிண்ட் உள்ள பரப்புக்கு மட்டும்தான் அது.

கழுவியது போதுமா என்பதைத் தண்ணீரே சொல்லும். ஷட்டரைச் செங்குத்தாக நிறுத்திக் கொஞ்சம் நீர் தெளியுங்கள். ஒரே படலமாகப் பரவினால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் பிசுக்கு இருக்கிறது. கைப்பிடியைச் சுற்றியும் அடுப்புக்கு மேலிருக்கும் ஷட்டரின் அடி விளிம்பிலும்தான் பெரும்பாலும் திரளும்.

தேங்காய் எண்ணெய் குடித்த தேக்கு

நம் வீடுகளில் தேக்குச் சாமான் மங்கினால் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பது வழக்கம். மரம் மினுமினுக்கும். ஆனால் தேங்காய் எண்ணெய் ஆளி விதை எண்ணெய் போல உலர்ந்து இறுகும் எண்ணெய் அல்ல. வருடக்கணக்கில் துவாரங்களுக்குள் அப்படியே இருக்கும். அதன்மேல் அடித்த பிரைமர் நாலு நாளானாலும் பிசுபிசுக்கும். தேக்குக்கே இயல்பாக உள்ள எண்ணெய்ச் சத்தும் எனாமல் காய்வதைத் தாமதிக்கும். வெறும் மரமாக இருந்தால் என்.சி. தின்னர் என்று பெயிண்ட் கடையில் கிடைக்கும் கரைப்பானைச் சுத்தமான துணியில் நனைத்துத் துடைத்து, துணியில் மஞ்சள் ஏறுவது நிற்கும்வரை துணியை மாற்றிக்கொண்டே இருங்கள். தின்னர் ஆவியான அன்றே பிரைமர் அடித்துவிடுங்கள். விட்டால் உள்ளிருக்கும் எண்ணெய் திரும்பவும் மேலே வரும்.

வெள்ளை, கிரீம் போன்ற வெளிர் நிறம் தேர்ந்தவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. தண்ணீர் கலந்த பிரைமர் மரத்தின் சாயத்தைக் கரைத்து மேலே இழுத்துக்கொண்டு வரும். காய்ந்தபின் தேநீர்க் கறை போலப் பழுப்புத் திட்டுகள் தெரியும். கணு உள்ள இடத்தில் இன்னும் மோசம். பெயிண்டைத் திரும்பத் திரும்ப அடித்து இதை மறைக்க முடியாது. அரக்கு அடிப்படையிலான பிரைமரை ஒரு கோட் அடித்தால் சாயம் அங்கேயே அடைபட்டுவிடும். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை நீங்களே போடுவதானால் மெழுகு நீக்கிய அரக்கு வாங்குங்கள். மெழுகுள்ள அரக்கின் மேல் தண்ணீர் பெயிண்ட் நிற்காது.

உப்புத்தாள்: எண்ணைப் பாருங்கள்

உப்புத்தாளின் எண் குறைந்தால் தாள் சொரசொரப்பு, கூடினால் மென்மை. கரடுமுரடான பழைய எனாமலுக்கு 120, பளபளப்பை மட்டும் எடுக்க 180 அல்லது 220, இரண்டு கோட்டுக்கு நடுவே 320. இதுதான் வரிசை. 80-ஐ எடுத்து வேகமாக முடித்தால் அதன் ஆழமான கீறல் கடைசிக் கோட்டிலும் வரிவரியாகத் தெரியும். எப்போதும் மர வரி ஓடும் திசையில்தான் தேய்க்க வேண்டும். மழமழப்பு முழுவதும் மங்கி, பரப்பு சாக்பீஸ் தடவியது போல ஆனால் போதும். மரம் வரை போகத் தேவையில்லை. மைக்கா ஒட்டிய ஷட்டரானால் மங்கச் செய்தபின் வழுக்குப் பரப்புக்கென்றே விற்கும் ஒட்டு பிரைமர் கட்டாயம். சாதாரண மர பிரைமர் மைக்காவில் தாள் போல உரியும்.

பழைய வீடுகளில் ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016-ல் போடப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அதை உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்க விடவே கூடாது. நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளான நீர்த் தாளால் தேய்த்து, குழம்பை ஈரத் துணியில் எடுத்து, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த அறைப் பக்கம் வர வேண்டாம்.

சுவர்ப் பட்டியை மரத்தில் வைப்பது

சுவர் வேலைக்குக் கலக்கிய வெள்ளை சிமெண்ட் பட்டி மிச்சம் இருக்கிறதே என்று ஆணி ஓட்டைக்கும் விரிசலுக்கும் வைத்துவிடுகிறார்கள். மழைக்காலத்தில் மரம் உப்பும், கோடையில் சுருங்கும். சிமெண்ட் பட்டிக்கு அந்த நெளிவு கிடையாது. முதல் கோடையிலேயே ஓரத்தில் மயிரிழை விரிசல் விட்டு, பிறகு மாவாக உதிரும். சில்லின் பின்பக்கம் ஒட்டி வந்த வெள்ளைத் தூள் இதுதான். சிறிய ஓட்டைக்கு மரத்துக்கான பட்டி, பழைய கைப்பிடி ஓட்டை போன்ற பெரியதற்கு ஹார்டனர் கலக்கும் இரட்டைக் கலவைப் பட்டி. நூறு பங்குக்கு இரண்டு பங்கு ஹார்டனர் என்பது வழக்கமான கணக்கு, டப்பாவில் போட்டிருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சில நிமிடங்களில் இறுகிவிடும், ஆகவே எலுமிச்சை அளவுக்கு மேல் ஒரு தடவையில் கலக்க வேண்டாம்.

எல்லா இடைவெளியையும் அடைக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சட்டத்துக்குள் பலகை செருகிய கதவில் பலகை சற்று அசைய இடம் விட்டுத்தான் ஆசாரி செய்திருப்பார். பலகை செருகிய அந்தப் பள்ளத்தைப் பட்டியால் இறுக்கினால் பலகை வெடிக்கும், அல்லது பட்டி பிதுங்கும். அங்கே பெயிண்டை மட்டும் நன்றாக உள்ளே தள்ளி விடுங்கள்.

பிரஷ், டின், மண்ணெண்ணெய்

எனாமலுக்கு இயற்கை மயிர் பிரஷ், தண்ணீர் பெயிண்டுக்கு நைலான் அல்லது பாலியெஸ்டர். மாற்றிப் போட்டால் இயற்கை மயிர் தண்ணீரைக் குடித்து நாய்வால் போலத் தொளதொளத்துவிடும். சட்டத்துக்கு 2 அங்குலம், வேலைப்பாட்டுக்கு 1 அங்குலம், பெரிய பலகைக்கு 2½ அங்குலம், கூட ஒரு 4 அங்குல ஸ்பாஞ்ச் ரோலர். புது பிரஷை உள்ளங்கையில் பத்திருபது தடவை தட்டி, கழுவி, உலர்த்திவிட்டு எடுங்கள். இல்லாவிட்டால் கழன்ற மயிர்களைக் கடைசிக் கோட்டில் ஊசியால் பொறுக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

டின்னுக்குள் நேராகப் பிரஷை விட வேண்டாம். நைலான் வலையில் வடிகட்டிச் சின்ன வாளியில் ஊற்றி, மூடியை உடனே அடைத்துவிடுங்கள். பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் பஞ்சு சேரும்.

எனாமலை இளக்க மண்ணெண்ணெய் ஊற்றுவது பல இடங்களில் பழக்கமாகிவிட்டது. டர்பெண்டைன் விலை அதிகம் என்பது காரணம். மண்ணெண்ணெய் மெதுவாக ஆவியாகும், காய்வது தள்ளிப்போகும், மினுமினுப்பும் போகும். டப்பாவில் சொன்ன இளக்கியைச் சொன்ன அளவில் சேருங்கள், பெரும்பாலும் அது பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது.

ஒரு கதவை அடிக்கும் வரிசை

பிரஷ் மயிரில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் தோய்த்து, வாளியின் உட்சுவரில் இரு பக்கமும் தட்டுங்கள். விளிம்பில் வழித்து எடுத்தால் பாதிப் பெயிண்ட் வாளிக்கே போய்விடும், கதவில் பற்றாக்குறையாகி இழுத்து இழுத்து அடிக்க நேரும்.

முதலில் உள்பலகையும் அதைச் சுற்றிய வேலைப்பாடும். பிறகு நடுச் சட்டம், குறுக்குச் சட்டங்கள், கடைசியில் இரு பக்க நெடுஞ்சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்திலும் பிரஷ் அதன் மர வரியோடு ஓடி, மூட்டில் துல்லியமாக நிற்க வேண்டும். குறுக்குச் சட்டத்தின் பிரஷ் கோடு நெடுஞ்சட்டத்துக்குள் நீண்டுவிட்டால் எவ்வளவு நல்ல நிறமும் அவசர வேலையாகத் தெரியும். பெரிய பலகையில் ரோலரால் சீராகப் பரப்பிவிட்டு, பெயிண்ட் எடுக்காத பிரஷின் நுனியால் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மயிலிறகு தடவுவது போல ஒரே திசையில் இழுங்கள். அதோடு கையை எடுத்துவிட வேண்டும். தண்ணீர் பெயிண்ட் நம் வெயிலில் இரண்டு மூன்று நிமிடத்தில் இறுகத் தொடங்கும். அதன்பின் ‘இங்கே கொஞ்சம்’ என்று திரும்பத் தொட்டால், அந்த இடம் மட்டும் சீப்பு வாரியது போல நிற்கும். ஐந்து நிமிடம் கழித்து வேலைப்பாட்டு மூலைகளை மட்டும் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். தேங்கிய சொட்டு இருந்தால் உலர்ந்த பிரஷ் நுனியால் உறிஞ்சிவிடலாம்.

கனமாக ஒரே கோட்டில் முடிக்கும் ஆசை எனாமலைச் சுருக்கிவிடும். காற்றுப் பட்ட மேல்தோல் முதலில் இறுகும், உள்ளே இளசாகவே இருக்கும். மேல்தோல் கிழவன் கன்னம் போல மடிந்துவிடும். மெல்லிய மூன்று கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு இரவு.

ஷட்டரின் அடி விளிம்பை யாரும் குனிந்து பார்ப்பதில்லை, அதனால் அது பெரும்பாலும் வெறும் பிளைவுட்டாகவே விடப்படுகிறது. சிங்க்குக்குக் கீழ் உள்ள ஷட்டரில் தண்ணீர் ஏறுவது அந்த வழியாகத்தான். மரநார் ஒட்டிய சில்லு அங்கிருந்தே வருகிறது. வெட்டு முனை ஸ்பாஞ்ச் போல உறிஞ்சும், ஆகவே அதற்கு பிரைமர் இரண்டு கோட் வேண்டும். மாட்டியபின் ஒரு முகக்கண்ணாடியைத் தரையில் வைத்து அடி விளிம்பைப் பார்த்துவிடுங்கள்.

கழற்றும்போதே ஒவ்வொரு ஷட்டருக்கும் எண் போடுங்கள். வெளியே தெரியாத கீலான மறைகீல் உட்காரும் 35 மி.மீ. குழிக்குள் எழுதி, அதன்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டினால் பெயிண்ட் மறைக்காது. ஒரே அளவாகத் தெரியும் ஷட்டர்கள்கூட மாற்றி மாட்டினால் இரண்டு மி.மீ. விலகி நிற்கும்.

காய்தலில் அவசரம்

அடித்து முடித்ததும் மின்விசிறியைப் போடுவது தூசியை ஈரப் பெயிண்டில் கொண்டுவந்து ஒட்டுவதற்குச் சமம். ஜன்னல் திறந்து, விசிறி அணைத்து, முதல் சில மணி நேரம் விடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழையில் எனாமல் வேலை வைத்தால் காயும் நேரத்தை இரட்டிப்பாகக் கணக்கிடுங்கள்.

வெள்ளை எனாமலை ஷட்டரின் உள்பக்கம் அடிக்க வேண்டாம். அதில் உள்ள எண்ணெய் இருட்டில் மஞ்சளிக்கும். உள்ளே தண்ணீர் பெயிண்ட் நல்லது. வெளியே பளபளப்பே இல்லாத ‘மேட்’ பூச்சையும் தவிருங்கள். மஞ்சள் கை பட்டால் அது உறிஞ்சிக்கொள்ளும். மிதமாக மினுங்கும் சாட்டின் பூச்சில் துடைத்தாலே பெரும்பாலும் போய்விடும்.

தின்னர், டர்பெண்டைன் வேலை நடக்கும் நாளில் சிலிண்டர் வால்வை மூடி, பூஜை அலமாரியில் எரியும் விளக்கை அணைத்துவிடுங்கள். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவி நெருப்பைத் தேடிப் போகும். எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. உலரும்போது அது தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது நீர் நிறைந்த டப்பாவில் போட்டு மூடுங்கள்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதும் இறுகிவிட்டது என்பதும் வேறு வேறு. எனாமல் முழுதாக இறுக ஒரு வாரம், தண்ணீர் பெயிண்ட் மூன்று நான்கு வாரம் எடுக்கும். அதுவரை ஷட்டரை மாட்டினாலும் இறுக மூடாமல், சட்டத்தில் ஷட்டர் படும் இடங்களில் சின்ன ரப்பர் பொட்டு ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது இரண்டு பக்கமும் உரியும். தட்டுகளில் காகிதம் விரிப்பதும் டப்பா அடுக்குவதும் அதன்பிறகுதான். முதல் மாதம் ஈரத் துணி போதும், சோப்பு வேண்டாம்.