எக்ஸ்.டி.சி. குழுவை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது, எப்படித் தொடர்வது

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில், ரயில் எஞ்சின் தொழிற்சாலையை நம்பி வளர்ந்த ஊர் ஸ்விண்டன். அங்கிருந்து புறப்பட்ட எக்ஸ்.டி.சி. குழு 1978 முதல் 2000 வரை தன் பெயரில் 12 ஆல்பங்களை வெளியிட்டது. பங்க் இசையைத் தொடர்ந்து 1970களின் இறுதியில் எழுந்த நியூ வேவ் காலத்தில் அறிமுகமான பிரிட்டிஷ் குழுக்களில் இதன் பாதை தனியானது. மற்ற குழுக்கள் மேடை ஏறி ஏறித் தங்கள் காலத்தை நீட்டித்துக்கொண்டன. இந்தக் குழுவோ 1982இல் மேடையை விட்டு இறங்கியது, அதன் சிறந்த வேலையில் பெரும்பகுதி அதன் பிறகே வந்தது. இந்தத் திருப்பத்தைப் புரிந்துகொள்ளும்படியாக ஆல்பங்களை வரிசைப்படுத்திக் கேட்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. சிலர் செயலியில் முதலிடத்தில் நிற்கும் ஐந்தாறு பாடல்களைக் கேட்டுவிட்டு, இது 1980 வாக்கில் முடிந்துபோன துடிப்பான குழு என்று முடிவு கட்டுகிறார்கள். சிலர் ஒழுங்காக முதல் ஆல்பத்திலிருந்து தொடங்கி, அதன் படபடப்பைத் தாங்க முடியாமல் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆண்டி பார்ட்ரிட்ஜ் பாடுபவர், கிடார் வாசிப்பவர், பாடல்களில் பெரும்பகுதியை எழுதியவர். கோலின் மோல்டிங் பேஸ் கிடார் வாசிப்பவர். குறைவாக எழுதினாலும் தொடக்க கால வெற்றிப் பாடல்களில் முக்கியமானவை அவருடையவை. டெர்ரி சேம்பர்ஸ் டிரம்ஸ். தொடக்கத்தில் கீபோர்டு வாசித்த பேரி ஆண்ட்ரூஸ் இரண்டு ஆல்பங்களோடு விலக, 1979இல் அந்த இடத்துக்கு டேவ் கிரிகரி வந்தார். அவர் கிடார் கலைஞர் என்பதால் குழுவின் ஒலியே மாறிவிட்டது. பாடல் யாருடையது என்பதை ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டே கேளுங்கள். பார்ட்ரிட்ஜின் மெட்டுகள் எதிர்பாராத சுரங்களுக்குத் தாவும். மோல்டிங்கின் மெட்டுகள் நேராக நடந்து வந்து மனத்தில் உட்காரும். இந்த வேறுபாடு காதுக்குப் பிடிபட்டுவிட்டால் பாதி வழி கடந்த மாதிரி.

தொடங்க வேண்டிய ஆல்பம், நடுவில் நிற்கும் இங்கிலீஷ் செட்டில்மென்ட். 1982 பிப்ரவரியில் இரட்டை இசைத்தட்டாக வெளிவந்த இது பிரிட்டிஷ் பட்டியலில் 5ஆம் இடம்வரை ஏறியது. அதிலுள்ள சென்சஸ் வொர்க்கிங் ஓவர்டைம் 10ஆம் இடத்தைப் பிடித்தது. தனிப்பாடல் வெளியீடுகளில் அவர்கள் தொட்ட உச்சம் அதுவே. வாங்கும்போதோ செயலியில் தேடும்போதோ 15 பாடல்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள், ஏனென்றால் அமெரிக்காவில் முதலில் இதைப் பல பாடல்களை வெட்டி ஒற்றைத் தட்டாக விற்றார்கள், அந்தப் பிரதி இன்னும் பழைய கடைகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்த ஆல்பத்தில் மோல்டிங் ஃப்ரெட் கட்டைகள் இல்லாத பேஸ் கிடாரை வாசிக்கிறார், கிரிகரி பன்னிரண்டு தந்தி மின்கிடாரைப் பிடிக்கிறார், அக்கூஸ்டிக் கிடார் முதன்முறையாக முன்னுக்கு வருகிறது. மேடையில் உரக்க வாசிக்கும் குழு ஒன்று அமைதியாகவும் வாசிக்கக் கற்றுக்கொள்வதை இங்கே கேட்கலாம். மோல்டிங்கின் இங்கிலீஷ் ரவுண்டபவுட் பாடலில் கொஞ்சம் நின்று தாளத்தை எண்ணிப் பாருங்கள். ஐந்து ஐந்தாகச் சுற்றி வரும் தாளம் அது. கண்ட சாபு கேட்டுப் பழகிய காதுக்கு உடனே பிடிபடும். ஸ்விண்டனில் ஐந்து சிறு வட்டங்கள் சேர்ந்து அமைந்த புகழ்பெற்ற போக்குவரத்து வட்டம் ஒன்று இருக்கிறது. இந்த இரண்டு ஐந்துக்கும் தொடர்பு உண்டென்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, ஆனாலும் அந்தப் பாடலைக் கேட்கும்போதெல்லாம் அந்த வட்டம்தான் என் நினைவுக்கு வருகிறது.

அதன்பின் இரண்டு படி பின்னால் போங்கள். 1979இன் டிரம்ஸ் அண்ட் வயர்ஸ், 1980இன் பிளாக் சீ ஆகிய இரண்டையும் ஸ்டீவ் லில்லிவைட் தயாரித்தார், ஹியூ பேட்கம் ஒலிப்பதிவு செய்தார். லண்டனின் டவுன்ஹவுஸ் ஒலிப்பதிவுக்கூடத்தில் டிரம்ஸ் ஒலியைப் பெரிதாக்கிப் பிடிக்கும் முறையை அந்த இருவரும் செம்மைப்படுத்திக்கொண்டிருந்த காலம் அது. டிரம்ஸ் அண்ட் வயர்ஸ் என்ற பெயரே கீபோர்டு போய் டிரம்ஸும் கிடார் தந்திகளும் குழுவை எடுத்துக்கொண்டதைச் சொல்கிறது. மேக்கிங் பிளான்ஸ் ஃபார் நைஜல் பாடலை ஹெட்போனில் இரண்டு முறை கேளுங்கள். முதல் முறை கதையைக் கேளுங்கள்: பெற்றோர் தங்கள் பையன் பிரிட்டிஷ் ஸ்டீல் நிறுவனத்தில் வேலைக்குப் போய்விட்டால் அவன் எதிர்காலம் முடிந்த காரியம் என்று அவனுக்காகப் பேசுகிறார்கள், பையனின் வாயிலிருந்து ஒரு சொல்கூட வருவதில்லை. இரண்டாம் முறை குரலை விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். வழக்கமாக ஹை-ஹாட் சிம்பலில் ஓடும் வேலையைச் சேம்பர்ஸ் இங்கே டாம் டிரம்முக்கு மாற்றிவிட்டார். அதனால் தாளம் முன்னோக்கி ஓடாமல், இயந்திரம்போல் ஒரே இடத்தில் இடித்துக்கொண்டிருக்கிறது. பையனின் நிலை வரிகளைக் காட்டிலும் அந்த இடியில்தான் தெளிவாக இருக்கிறது. மோல்டிங் எழுதிய இந்தப் பாடல் 17ஆம் இடம்வரை போய்க் குழுவைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. பிளாக் சீ மேடைக்காகவே செய்த ஆல்பம். அதை ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்க வேண்டும், அதற்கு மேல் வழிகாட்டல் தேவையில்லை.

இந்த இடத்தில் ஆல்பங்களை நிறுத்திவிட்டு ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ளுங்கள். 1982 மார்ச்சில் பாரிஸ் நிகழ்ச்சி தொடங்கிய சில நிமிடங்களில் பார்ட்ரிட்ஜ் கிடாரைக் கழற்றிவிட்டு மேடையிலிருந்து வெளியேறினார். சிறுவயதில் மருத்துவர் எழுதிக் கொடுத்து ஆண்டுக்கணக்காக அவர் எடுத்துவந்த, பதற்றம் தணிக்கும் வேலியம் மாத்திரைகள் திடீரென்று நின்றுபோயிருந்தன. ஓயாத பயணத்தின் களைப்பும் சேர்ந்து மேடை என்றாலே உடல் மறுக்கும் நிலைக்கு அவர் வந்திருந்தார். அடுத்த மாதம் அமெரிக்கச் சுற்றுப்பயணமும் தொடக்கத்திலேயே கைவிடப்பட்டது. அதன்பின் எக்ஸ்.டி.சி. சீட்டு விற்று மேடைக் கச்சேரி நடத்தவே இல்லை. கச்சேரி வருமானம் போனது, விளம்பரம் போனது. மேடை இல்லாத குழுவில் தனக்கு வேலையில்லை என்று கருதிய டிரம்ஸ் கலைஞர் சேம்பர்ஸும் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். ஆனால் நாளை இதை நான்கு பேர் மேடையில் வாசித்துக்காட்ட வேண்டுமே என்ற கட்டுப்பாடும் அதோடு போயிற்று என்பதைக் கவனியுங்கள். இனி வரும் ஒவ்வொரு ஆல்பத்தையும் இந்த விடுதலையை மனத்தில் வைத்துக் கேட்க வேண்டும்.

1983இன் மம்மர் வயல்வெளியும் அக்கூஸ்டிக் கிடாருமாகத் தயங்கித் தயங்கி நடக்கிறது. அதில் லவ் ஆன் எ ஃபார்ம்பாய்ஸ் வேஜஸ் ஒன்றே போதும் என்பேன். மற்றவற்றுக்குப் பிறகு திரும்பி வரலாம். 1984இன் தி பிக் எக்ஸ்பிரஸ் ஸ்விண்டனின் ரயில் நினைவுகளைச் சுமந்து வந்தது, முதல் பதிப்பின் உறையைக்கூட ரயில் சக்கரம்போல் வட்டமாக வெட்டியிருந்தார்கள். டிரம்ஸ் கலைஞர் போன இடத்தில் டிரம் மெஷின் புகுந்து சத்தம் சற்று மிகையாகிவிட்டது, அதனால் இதை மட்டும் ஒரே மூச்சில் கேட்காமல் இரண்டு தவணையாகக் கேட்பது நல்லது. கடைசிப் பாடலைத் தவறவிடாதீர்கள். நிலக்கரி தீர்ந்துபோகும் எஞ்சினாகத் தன்னையே பார்ட்ரிட்ஜ் பாட, தாளம் மெல்ல மெல்லத் தளர்ந்து நிற்கிறது.

இதை அடுத்து வந்த ஆல்பமான ஸ்கைலார்க்கிங்குக்கு உடனே தாவக் கூடாது. இடையில் வேறு பெயரில் வந்த சிறு தட்டு ஒன்று இருக்கிறது. 1985 ஏப்ரல் முதல் தேதி தி டியூக்ஸ் ஆஃப் ஸ்ட்ராடோஸ்பியர் என்ற குழுவின் 25 ஓ'கிளாக் வெளிவந்தது. 1967 வாக்கில் வாழ்ந்து மறைந்த சைக்கடெலிக் குழு ஒன்றின் தட்டுப்போல் அதை ஒப்பனை செய்திருந்தார்கள், உள்ளே இருந்தவர்கள் புனைபெயரில் இவர்களேதான். தயாரிப்பாளர் ஜான் லெக்கி. செலவு சுமார் 5000 பவுன். ஆறே பாடல்கள் கொண்ட இந்த விளையாட்டு, பிரிட்டனில் தி பிக் எக்ஸ்பிரஸைவிட அதிகம் விற்றது, நிறுவனத்துக்கும் குழுவுக்கும் அது சற்றுச் சங்கடமான செய்திதான். இதை முன்னால் கேட்கச் சொல்வதற்குக் காரணம், வேஷம் கட்டிக்கொண்டபோது பார்ட்ரிட்ஜின் இறுக்கம் தளர்ந்ததும், சிறுவயதில் கேட்டு வளர்ந்த இசையிடம் வெட்கமின்றித் திரும்பப் போக முடிந்ததும் அடுத்த ஆல்பத்துக்கு வழி திறந்துவிட்டன என்பதே.

ஸ்கைலார்க்கிங்குக்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். 1986இல் நியூயார்க் மாநிலத்தின் வுட்ஸ்டாக் அருகே டாட் ரண்ட்கிரன் தன் ஒலிப்பதிவுக்கூடத்தில் தயாரித்தது இது. அனுப்பிவைத்த மாதிரிப் பதிவுகளைக் கேட்டு, எந்தப் பாடல்கள் வேண்டும், எந்த வரிசையில் வரவேண்டும் என்று குழு விமானம் ஏறும் முன்பே அவர் முடிவு செய்திருந்தார். ஒரு கோடை நாள் விடிந்து இருட்டுவதும், ஒரு வாழ்க்கை காதலில் தொடங்கித் திருமணம், வேலை, சந்தேகம், சாவு என்று போவதும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படியும்படி அந்த வரிசை அமைந்தது. தன் பிடியை விட்டுக்கொடுக்க விரும்பாத பார்ட்ரிட்ஜுக்கும் அவருக்கும் பதிவு முழுக்க மோதல். இடையில் மோல்டிங் கோபித்துக்கொண்டு விலகித் திரும்ப வந்தார். ஆனாலும் குழுவின் மிக ஒருமைப்பட்ட ஆல்பம் இதுவாகவே இருக்கிறது, வெளியாள் ஒருவர் கத்தரிக்கோலோடு வந்ததே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். ஆகவே பாடல்களைக் கலைத்துப் போடும் வசதியை அணைத்துவிட்டு, முதல் பாடலின் பூச்சிகளின் ரீங்காரம் இரண்டாவது பாடலான கிராஸுக்குள் நழுவும் இடத்தைக் கவனியுங்கள். முதல் பாடல் பார்ட்ரிட்ஜுடையது, இரண்டாவது மோல்டிங்குடையது, தையல் தெரியாது. அதேபோல் பாலே ஃபார் எ ரெய்னி டேயின் தூறல், கிரிகரி எழுதிய தந்தி வாத்தியப் பகுதியோடு 1000 அம்ப்ரெல்லாஸின் பெருமழையாக மாறுவதையும் கேளுங்கள்.

இந்த ஆல்பத்தில் பிரதியைத் தேர்வதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, டியர் காட் என்ற பாடல். கடவுள் மறுப்பைக் கடவுளுக்கே கடிதமாக எழுதும் இந்தப் பாடல் முதலில் ஆல்பத்தில் இல்லை, கிராஸ் தனித்தட்டின் மறுபக்கத்தில்தான் இருந்தது. அமெரிக்க வானொலிகள் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் போட்டுப் பிரபலமாக்கவே, அங்கே மெர்மெய்ட் ஸ்மைல்ட் பாடலை எடுத்துவிட்டு இதைச் சேர்த்து மறுபடி அச்சிட்டார்கள். இரண்டும் உள்ள பிரதியைத் தேடுங்கள், ஆனால் முதல் முறை டியர் காட் இல்லாமலே கேளுங்கள். அந்தக் கோடை நாளுக்குள் அது பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்கிறது. இரண்டாவது சிக்கல் ஒலியில். பல ஆண்டுகளாக விற்ற பதிப்புகளில் ஒலியின் துருவம் தலைகீழாக இருந்தது, அதாவது ஸ்பீக்கரின் கூம்பு வெளியே தள்ள வேண்டிய நேரத்தில் உள்ளே இழுத்தது. அதனால் கீழ்ச்சுரங்கள் மெலிந்து, மொத்த ஒலியும் தொலைவில் கேட்பதுபோல் இருந்தது. மாஸ்டரிங் பொறியாளர் ஜான் டென்ட் இதைக் கண்டுபிடித்தார், 2010இல் துருவம் திருத்திய பதிப்பு வந்தது. அதையோ, ஸ்டீவன் வில்சன் மூல நாடாக்களிலிருந்து புதிதாகக் கலந்த 2016 பதிப்பையோ வாங்குங்கள்.

1989இன் ஆரஞ்சஸ் அண்ட் லெமன்ஸ் லாஸ் ஏஞ்சல்ஸில் பதிவானது. பளபளப்பானது, நெரிசலானது, தி மேயர் ஆஃப் சிம்பிள்டன் பாடலின் பேஸ் கிடாருக்காகவே கேட்கத் தக்கது. 1992இன் நான்சச்சில் பாடல்கள் சிறந்தவை, எண்ணிக்கைதான் மிகுதி. நாலைந்து பாடல்களாகப் பிரித்துக் கேட்டால் அதன் அருமை தெரியும். அந்த ஆல்பத்தின் ராப்ட் இன் கிரே பாடலைத் தனித்தட்டாக அச்சிட்டுவிட்டு, அவர்களின் தட்டுகளை வெளியிட்டுவந்த வர்ஜின் நிறுவனம் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஏற்கெனவே ஒப்பந்தக் கணக்குகளில் மனம் கசந்திருந்த குழு, இனி இந்த நிறுவனத்துக்குப் பதிவு செய்ய மாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்தது. 1992க்கும் 1999க்கும் இடையே புது ஆல்பம் எதுவும் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

அந்த ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டதும் தங்கள் சொந்த லேபிளில் 1999இல் வெளியிட்டது ஆப்பிள் வீனஸ் முதல் தொகுதி. இதற்கும் மேக்கிங் பிளான்ஸ் ஃபார் நைஜலுக்கும் இடையே 20 ஆண்டுகள். முதல் பாடலான ரிவர் ஆஃப் ஆர்கிட்ஸை அந்தப் பழைய பாடலை முடித்த கையோடு போட்டுப் பாருங்கள். நீர்த்துளி விழும் ஒலி, விரலால் சுண்டும் தந்திகள், பித்தளை ஊதுகருவிகள், ஒன்றையொன்று துரத்தும் குரல்கள். டிரம்ஸ் அறவே இல்லை. டிரம்ஸின் பெயரை ஆல்பத்துக்கே வைத்த குழு இது. இந்தப் பதிவின் நடுவில் கிரிகரி விலகிவிட்டார், இருவராக எஞ்சியவர்கள் 2000இல் கிடார்களோடு வாஸ்ப் ஸ்டார் ஆல்பத்தைத் தந்தார்கள். கேட்க இனிமையானது, அவசரமில்லை.

ஒயிட் மியூசிக், கோ 2 என்ற 1978இன் இரண்டு தொடக்க ஆல்பங்களையும் இப்போது எடுங்கள். பின்னால் வரப்போவது தெரிந்த காதுக்கு அந்தப் படபடப்பில் உள்ள குறும்பு தெரியும். கோ 2 உறையில் படமே இல்லாமல், இது ஓர் இசைத்தட்டு உறை என்று தொடங்கி, வாங்குபவரை இழுக்கும் தந்திரங்களைத் தட்டச்சு எழுத்தில் விளக்கும் பத்தி இருக்கிறது. அதை முழுதாகப் படித்துவிட்டே கேளுங்கள். சேம்பர்ஸ் இருந்த காலத்து மேடை வேகத்தை அறிய, பிபிசி பதிவுகளைத் தொகுத்து 1998இல் வந்த டிரான்சிஸ்டர் பிளாஸ்ட் பெட்டி உதவும். வில்சன் கலந்த பதிப்புகளின் புளூ-ரே தட்டுகளில் பார்ட்ரிட்ஜும் மோல்டிங்கும் வீட்டில் செய்த மாதிரிப் பதிவுகள் இருக்கின்றன, அவற்றை ஆல்பம் நன்றாகப் பழகிய பிறகு மட்டும் கேளுங்கள். பார்ட்ரிட்ஜின் மாதிரிகளைத் தொகுத்த ஃபஸி வார்பிள்ஸ் வரிசை மிக நீளம். அது இதற்குள் பைத்தியம் பிடித்தவர்களுக்கு மட்டும்.