அறுத்த வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்: கஃபே ரேசர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருத் தம்பி ஒருவன் சென்னை பெருங்குடிப் பக்கம் வண்டி பார்க்க என்னைக் கூட்டிப் போனான். "அண்ணா, நீங்க ஒரு தடவ பாத்து ஓகே சொல்லிட்டா போதும், அட்வான்ஸ் குடுத்துடுவேன்" என்றான். ஷட்டரைத் தூக்கினார்கள். உள்ளே ஒரு பழைய புல்லட். பின்பக்கம் அறுத்து, தோல் நிறத்தில் ஒற்றை சீட் வைத்து, தாழ்வாகக் கிளிப்-ஆன் என்கிற குட்டை ஹேண்டில் போட்டு, சைலன்சர் குழாய்க்குத் துணிப்பட்டை சுற்றியிருந்தார்கள். இந்த உருவத்துக்குத்தான் கஃபே ரேசர் என்று பெயர். 2017இல் நான் வாங்கிய வண்டியின் கூடப் பிறந்தது மாதிரி இருந்தது. அவன் டாங்கைத் தடவிப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது, மனசுக்குள் ஏற்கெனவே வாங்கிவிட்டான்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆன்-ரோடு விலை, லோன் வட்டி, நல்ல ஹெல்மெட் பற்றியெல்லாம் எல்லாரும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

ஞாயிறு காலை ஈ.சி.ஆரில் ஓட்டிப் பார்ப்பது

இந்த வண்டியின் உட்காரும் வாகு எதற்காக வந்தது என்று தெரிந்தால் பாதித் தவறு குறையும். 1950, 60களில் இங்கிலாந்துப் பையன்கள் ஒரு டீக்கடையிலிருந்து இன்னொரு டீக்கடைக்கு வண்டியை விரட்டினார்கள். லண்டனில் நார்த் சர்க்குலர் ரோட்டில் இருந்த ஏஸ் கஃபே அவர்களுடைய பெரிய கூடாரம். மணிக்கு 100 மைல் தொடுவதுதான் கனவு. அந்த வேகத்துக்காகத்தான் ஹேண்டிலைத் தாழ்த்தி, கால் வைக்கும் இடத்தைப் பின்னுக்குத் தள்ளினார்கள். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கிக்கொள்ளும். மணிக்கட்டில் பாரம் இறங்காது.

கத்திப்பாராவில் 12 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் எந்தக் காற்று தாங்கும்? உடம்பின் முன்பாரம் முழுக்க உள்ளங்கையில்தான். நீலாங்கரை தாண்டி ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஓட்டிப் பார்த்தவனுக்கு இது தெரிய வழியே இல்லை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மத்திய கைலாஷ் சிக்னலிலிருந்து டைடல் பார்க் தாண்டிப் போய்த் திரும்பி வாருங்கள், முடிந்தால் மே மாதத்தில். கிளட்ச் பிடித்த கை, தொடையில் ஏறும் சூடு, கழுத்து மூன்றும் அரை மணி நேரத்தில் பதில் சொல்லிவிடும்.

ஷோரூமில் இருந்து கிளம்பும் முன்பே ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். கட்டைவிரல் டாங்கில் இடிக்கிறதா? திருப்பிய நிலையில் கிளட்சைப் பிடித்து விட முடிகிறதா? திருவல்லிக்கேணி சந்துகளில் தினம் வண்டியைத் திருப்ப வேண்டியவர்களுக்கு இது பெரிய விஷயம்.

ராயல் என்ஃபீல்டின் கான்டினென்டல் ஜிடி 650 பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதே 648 சிசி இன்ஜின்தான் அவர்களுடைய இன்டர்செப்டரிலும், ஆனால் ஹேண்டில் உயரமாக இருக்கும். இரண்டையும் ஒரே நாளில், ஒரே ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். ஜிடிதான் வேண்டும் என்று அதற்குப் பிறகும் மனசு சொன்னால் வாங்குங்கள், நன்றாகவே அனுபவிப்பீர்கள்.

ஃபிரேமை அறுத்துச் செய்த வண்டியை வாங்குவது

புது வண்டி விலை எட்டாதபோது மனசு இதில்தான் போய் நிற்கும். நானும் அப்படித்தான் போனேன். 2004 மாடல் புல்லட் 350, நகரத்தில் ஒரு கராஜ் மாற்றி வைத்திருந்தது. 1,35,000 ரூபாய். "எல்லாம் ரெடி ப்ரோ, பெட்ரோல் போட்டா கிளம்பலாம்" என்றார்கள். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

கஃபே ரேசர் உருவம் வர வேண்டுமென்றால் முதலில் கை வைப்பது ஃபிரேமின் பின்பக்கத்தில். நீள சீட்டையும் பின் மட்கார்டையும் தாங்கும் இரண்டு குழாய்கள் அங்கே இருக்கும். ஷாக் அப்சார்பரின் மேல்முனை மாட்டியிருப்பதும் அந்தப் பகுதியில்தான். அதற்குச் சற்றுப் பின்னால் அறுத்துவிட்டு, லாடம் மாதிரி வளைத்த குழாயை ஒட்டுவார்கள். வேலை தெரிந்தவர் செய்தால், இரண்டு குழாய்க்கும் உள்ளே ஒரு துண்டுக் குழாயைச் சொருகி, அதற்கு மேல் வெல்டு வைப்பார். அவசரக்காரர் முனைக்கு முனை வைத்து வெல்டு அடிப்பார், கிரைண்டரால் வழிப்பார், பட்டி (மேடு பள்ளத்தை மறைக்கும் பூச்சு) போட்டு இழைத்துப் பெயின்ட் அடித்துவிடுவார். பார்த்தால் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருக்கும்.

ஒன்றரை வருஷம் கழித்து பேட்டரிக்காக சீட்டைக் கழற்றினேன். வலதுபக்கம், அந்த லாட வளையம் சேரும் இடத்தில், பெயின்டின் மேல் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு. அதன் வழியாகத் துரு கசிந்து பழுப்பாக இறங்கியிருந்தது. நகத்தை வைத்து இழுத்தேன், நகம் சிக்கியது. வெல்டு போட்ட இடத்தை ஒட்டிய ஓரம் சூடுபட்டுத் தன்மை மாறியிருக்கும். விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். வெள்ளைக் கோடு போடாத வேகத்தடைகளில் வண்டி 'டங்'கென்று விழுந்தபோதெல்லாம் அடி வாங்கியது அந்த ஓரம்தான். அந்த வண்டியில் என் தங்கையை உட்கார வைத்துக் கூட்டிப் போகச் சீட் இல்லாமல் போனது நல்லதாயிற்று என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அது ஒரு பக்கம். 2019இல் வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடிந்தது. ஆர்.சி.யைப் புதுப்பிக்க வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், தேறினால் இன்னும் ஐந்து வருஷம் நீட்டிப்பார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு சுற்று வந்தார். ஆர்.சி.யில் நிறம் கறுப்பு, வண்டி கரும்பச்சை. ஆர்.சி.யில் இருவர் உட்காரலாம், வண்டியில் ஒரு சீட். சேலை கார்டு இல்லை, பின்னால் இருப்பவர் பிடிக்கக் கைப்பிடி இல்லை, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட் இல்லை. "கம்பெனி விட்ட மாதிரியே மாத்திக் கொண்டாங்க சார்" என்றார். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அவர் சொன்னதுதான் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அதே 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த வருஷத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, மாற்றிய சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். கவனியுங்கள், ஒவ்வொரு மாற்றத்துக்கும். நம் கையிலிருக்கும் வண்டியில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த கராஜுக்கு போன் போட்டு வண்டியின் ஒரிஜினல் பாகங்களைக் கேட்டேன். "அதெல்லாம் எப்பவோ எடைக்குப் போட்டாச்சு ப்ரோ."

பிறகு அலைச்சல்தான். ஃபிரேமையே மாற்றிவிடலாம் என்றால், ஆர்.சி.யில் இருக்கிற சேஸிஸ் நம்பர் அதில்தான் அடித்திருக்கிறது. அறுத்துப் போன பகுதியைப் புதுப்பேட்டையில் ஒரு பழைய ஃபிரேமிலிருந்து எடுத்து, நல்ல வெல்டராகப் பார்த்து, உள்குழாய் சொருகிச் சேர்த்தோம். மட்கார்டு, சீட், ஹேண்டில், சைடு பெட்டி, சைலன்சர் எல்லாம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கடை கடையாக ஏறி வாங்கினேன். பதினோரு வாரம், 46 ஆயிரம் ரூபாய். அத்தனையும் கொட்டி எனக்குக் கிடைத்தது, 2004இல் ஷோரூமை விட்டு வெளியே வந்தபோது எப்படி இருந்ததோ அந்தப் புல்லட்.

இன்ஜினிலும் இதே கதை. அழகுக்காகக் காற்றுப் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு கோன் ஃபில்டர் மாட்டுவார்கள், அதற்கேற்ப பெட்ரோல் அளவைக் கூட்ட வேண்டிய கார்புரேட்டர் ஜெட்டை மட்டும் மாற்ற மாட்டார்கள். காற்று அதிகமாகும், பெட்ரோல் குறையும், இன்ஜின் சூடேறும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். முனை காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் சரி. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் அந்த இன்ஜினை வேகவைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்த மாற்றம், கிளெய்ம் கேட்டுப் போகும் நாளில் நமக்கு எதிராக நிற்கும். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெருங்குடியில் அந்தத் தம்பி கையில் ஒரு சின்னக் காந்தத்தைக் கொடுத்தேன், நம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்குமே, அதுதான். சீட்டைக் கழற்றச் சொல்லி, குழாய் நெடுக வைத்துக்கொண்டே போகச் சொன்னேன். 'டக் டக்'கென்று ஒட்டிக்கொண்டே போனது. வளையம் சேரும் இடத்தில் வைத்தான், வழுக்கிக் கீழே விழுந்தது. இன்னொரு பக்கம் வைத்தான், அங்கேயும் விழுந்தது. கீழே இரும்புக்கு மேல் அவ்வளவு கனத்துக்குப் பட்டி. தம்பி ஒன்றும் பேசவில்லை. ஆர்.சி. எப்போது முடிகிறது என்று கேட்டேன். இன்னும் எட்டு மாதம் இருக்கிறதாம். பழைய மட்கார்டு, சீட் இருக்கிறதா என்று தம்பியே கேட்டான். இல்லை என்றார்கள். அட்வான்ஸ் பணம் அவன் சட்டைப் பையிலேயே வீடு திரும்பியது.

உருவம்தான் வேண்டுமென்றால் ஃபிரேமில் அரம்கூடப் படாமல், நட்டு போல்ட்டைக் கழற்றினால் பழைய நிலைக்கு வந்துவிடுகிற வேலையாகப் பாருங்கள். கழற்றிய பாகங்களைச் சாக்கில் கட்டிப் பரண்மேல் போட்டு வையுங்கள். விற்கிறவரிடம் அந்தச் சாக்கு இல்லையென்றால் அந்த வண்டி வேண்டாம்.

பின்னால் உட்காருபவரைக் கேட்காமல் வாங்குவது

ஷோரூமுக்கு அவரையும் கூட்டிப் போங்கள்.

டயரைப் பார்க்காமல் விடுவது

ஸ்போக் சக்கரம் அழகுதான், ஆனால் உள்ளே டியூப். ஆணி ஏறினால் சக்கரத்தைக் கழற்றித்தான் பஞ்சர் ஒட்ட வேண்டும், அதுவும் இரவு மகாபலிபுரம் ரோட்டில் என்றால் கஷ்டம். ஜிடி 650இல் அலாய் சக்கரமும் டியூப்லெஸ் டயரும் 2023இல்தான் வந்தன. பழைய வண்டி பார்ப்பவர்கள் மாடல் வருஷத்தோடு இதையும் பாருங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடலோரம் நின்ற வண்டி என்றால் ஒவ்வொரு ஸ்போக்கும் வளையத்தில் சேரும் நுனியைத் துணியால் துடைத்துவிட்டு உற்றுப் பாருங்கள். உப்புக்காற்று முதலில் கடிப்பது அங்கேதான்.

பழைய விலையை வைத்துக் கணக்குப் போடுவது

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். அதற்கு முன் செஸ்ஸோடு சேர்த்து 31 இருந்தது. 350 வரை உள்ளதற்கு 18 ஆகக் குறைந்துவிட்டது. நண்பர் போன வருஷம் கொடுத்த விலையை நம்பி லோனுக்கு உட்காராதீர்கள்.

வெள்ளம் பார்த்த வண்டி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தண்ணீரில் நின்ற வண்டிகள் இன்னும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. பாலிஷ் போட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. ஹெட்லைட்டைக் கழற்றி உள்ளே டார்ச் அடியுங்கள். வயர் இணைப்புகளின் இடுக்கில் உலர்ந்த வண்டல், உள்சுவரில் தண்ணீர் நின்ற கோடு. ஒன்று கண்ணில் பட்டாலும் ஹெட்லைட்டைத் திரும்ப மாட்டிவிட்டுக் கிளம்பி வந்துவிடுங்கள்.

ஹேண்டில் நுனிக் கண்ணாடி

நம்ம ஊர் நெரிசலில் வேண்டவே வேண்டாம். முதல் வாரமே பக்கத்து வண்டிக்காரர் முழங்கையில் இடிக்கும்.